உன் பொருள் உன்னிடம் இருக்கட்டும்

பழைய ரோமாபுரியில் ஒரு கல்யாணத்தை முறித்துக்கொள்வதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. புரோகிதரைத் தேட வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கூட்ட வேண்டியதில்லை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இருவரில் ஒருவர், இனி நாம் தம்பதிகள் அல்ல என்று தீர்மானித்து, அதை மற்றவருக்குத் தெரியப்படுத்தினால் போதும். நேரிலே சொல்லலாம்; ஆள் மூலம் சொல்லியும் அனுப்பலாம். அதற்கென்று வழிவழியாக வந்த வாசகம் ஒன்று உண்டு. "உன் பொருள் உன்னிடம் இருக்கட்டும்" என்பதே அது.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது. 'நீ எனக்கு வேண்டாம்' என்று இல்லை. 'போய் வா' என்றுகூட இல்லை. பாசமும் இல்லை, கோபமும் இல்லை. பாத்திரம் பண்டத்தைப் பற்றிய பேச்சு! ஆனால் யோசித்துப் பார்த்தால், ரோமானியர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று தோன்றுகிறது. மனத்தைப் பங்கு போட முடியாது. அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பங்கு போடக் கூடியது பொருள் ஒன்றுதான். ஆகவே அதை முதலில் சொல்லிவிட்டார்கள். வாசகத்தைச் சொன்ன கையோடு, மனைவியின் இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியையும் கணவன் திருப்பி வாங்கிக்கொள்வான். அத்துடன் முடிந்தது சம்சாரம்.

இந்த வாசகத்தையும் சாவியையும் வைத்து ஒரு பெரிய மனிதர் கேலி செய்திருக்கிறார். மார்க் ஆண்டனி தான் வைத்திருந்த ஒரு நடிகையைக் கைவிட்டபோது, 'அடடே, முறைப்படி பொருளை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாவியையும் வாங்கிவிட்டானாம், என்ன ஒழுங்கு!' என்ற தோரணையில் கிண்டலாக எழுதினார். எழுதியவர் சிசரோ. ஆண்டு கி.மு. 44. ரோமாபுரியின் முதல்தர வக்கீல், முன்னாள் கான்சல், லத்தீன் உரைநடைக்கே தகப்பனார் என்று சொல்லத் தக்கவர். ஆனால் அந்தக் கேலியை எழுதியபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. இரண்டு வருஷங்களுக்குள் இரண்டு மனைவியரை விலக்கியிருந்தார். முதல் மனைவியின் பொருள் இன்னும் முழுவதாக அவளிடம் போய்ச் சேரவில்லை.

அந்த முதல் மனைவியின் பெயர் டெரன்ஷியா. அவளுடைய கணக்கைத்தான் இங்கே கொஞ்சம் புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னால் 'உன் பொருள்' என்றால் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மிகப் பழைய காலத்தில், மணமானவுடன் பெண் தன் சொத்தோடு சேர்ந்து கணவனின் 'கைக்கு'ப் போய்விடுவாள். சிசரோவின் காலத்தில் இந்த முறை வழக்கொழியத் தொடங்கிவிட்டது. பெரும்பாலான பெண்கள் மணமான பிறகும் பிறந்தகத்தைச் சேர்ந்தவர்களாகவே இருந்தார்கள். தகப்பன் காலமாகிவிட்டால் அவளுடைய பங்கு அவள் பேரிலேயே இருக்கும். பெயருக்கு ஒரு பாதுகாவலர் உண்டு. கணவனுக்கு அதில் ஒரு காசு பாத்தியதை கிடையாது. இது ஒரு வகை. மற்றொன்று சீதனம். மணத்தின்போது பெண்வீட்டார் கொடுப்பது. சம்சாரம் நடக்கிற வரையில் இது கணவனுடையது. அதன் வருமானத்தை அவன் அனுபவிக்கலாம். மணம் முறிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'சீதனம் கணவன் கையில் இருந்தாலும் உண்மையில் அது மனைவியுடையதே' என்பது பிற்காலச் சட்ட நிபுணர் ஒருவருடைய கருத்து. நம் வீடுகளில் சீர்ப் பாத்திரங்களின் விளிம்பில் பெண்ணின் பெயரை வெட்டி அனுப்புகிறார்கள் அல்லவா? புழங்குவது புருஷன் வீட்டில். பெயர் மட்டும் பிறந்தகத்தது. அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பெரிய அன்பளிப்புக் கொடுத்துக்கொண்டால் ரோமச் சட்டப்படி அது செல்லாது. ஏன் தெரியுமா? அன்பு மிகுந்து ஒருவரையொருவர் ஓட்டாண்டி ஆக்கிவிடக் கூடாதே என்றுதான்! அன்பைக் கண்டு பயந்து சட்டம் போட்டவர்கள் உலகத்தில் இவர்கள்தான் போலிருக்கிறது.

சீதனத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாடு ஆதியிலிருந்தே இருந்ததில்லை. அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். கி.மு. 230ஐ ஒட்டிக் கார்விலியஸ் என்ற பிரபு ஒருவர் தம் மனைவியை விலக்கினார். அவள் மேல் அவருக்கு அன்பு இல்லாமல் இல்லை. அவளுடைய குணத்தை அவர் மெச்சினார் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் பிள்ளையில்லை. 'பிள்ளைப் பேற்றுக்காகவே மணம் செய்துகொண்டேன்' என்று குடிக்கணக்கு எடுக்கும் அதிகாரிகள் முன்னால் அவர் சத்தியம் செய்திருந்தார். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அவளை அனுப்பிவிட்டார். ரோமாபுரியின் முதல் விவாகரத்து இதுவே என்பது ஐதிகம். அதற்கு எழுபது எண்பது வருஷங்களுக்கு முன்பே ஒருவர் மனைவியை விலக்கினார் என்றும் வேறோர் இடத்தில் வருகிறது. எது எப்படியானாலும் ஜனங்கள் கார்விலியஸைத் திட்டினார்களாம்.

சத்தியத்தைக் காப்பாற்றிய கார்விலியஸ் பெயரை மட்டும் சரித்திரம் ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரு குற்றமும் செய்யாமல் வாசலுக்கு வந்து நின்ற அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவள் நின்றதனால் ஒரு கேள்வி பிறந்தது: இவள் கொண்டுவந்த பொருள் என்ன ஆவது? அதுவரையில் யாரும் இதை யோசிக்கவே இல்லை. செர்வியஸ் சுல்பீஷியஸ் என்ற சட்ட மேதை சீதனங்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கார்விலியஸ் மனைவியை விலக்கிய பிறகுதான், 'மணம் முறிந்தால் சீதனத்தைத் திருப்பித் தருகிறேன்' என்று மணத்தின்போதே உறுதி வாங்குவது அவசியமாயிற்று என்று அதில் குறிப்பிட்டார். இந்த சுல்பீஷியஸ் சிசரோவின் அத்யந்த நண்பர். இன்னொரு முறை நம் கதையில் வருவார், இப்போதைக்குப் போகட்டும்.

பிறகு மெல்ல மெல்ல முறைகள் ஏற்பட்டன. மணத்தை முறிக்கக் கோர்ட்டு வேண்டாம் என்று சொன்னேன். சீதனத்தைத் திரும்பப் பெறக் கோர்ட்டு வேண்டியிருந்தது. அந்த வழக்கை விசாரிக்கிறவருக்குச் சட்டம் கூறிய புத்திமதி, எது மேலானதோ, எது நியாயமோ அதன்படி தீர்ப்புச் சொல் என்பது. நிலம், வீடு போன்றவற்றை உடனே திருப்ப வேண்டும். ரொக்கமானால் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று தவணை. ஆனால் கணவன் சிலவற்றைப் பிடித்துக்கொள்ளவும் இடமுண்டு. மணமுறிவு மனைவியின் குற்றத்தால் வந்ததென்றால், பிள்ளைகளுக்காக ஒரு பகுதியை நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளை ஒன்றுக்கு ஆறில் ஒரு பங்கு, எத்தனை பிள்ளைகளானாலும் மொத்தத்தில் பாதிக்கு மேல் கூடாது என்று பிற்கால நூலொன்று அளவு சொல்கிறது. நடத்தைக் குற்றத்துக்குத் தனியாக ஆறில் ஒன்றோ, எட்டில் ஒன்றோ.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மணத்தை முறிக்கக் காரணம் வேண்டாம். ஆனால் சீதனத்தைப் பிடிக்கக் காரணம் வேண்டும். குற்றம் யாருடையது என்பது மானப் பிரச்னை மட்டுமல்ல, பணப் பிரச்னை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு டெரன்ஷியாவிடம் போவோம்.

கி.மு. 80ஐ ஒட்டி அவள் சிசரோவை மணந்தாள். அவர் அப்போது அர்ப்பினம் என்ற சிற்றூரிலிருந்து வந்து தலைநகரில் வக்கீல் தொழிலில் தலையெடுத்துக்கொண்டிருந்த இளைஞர். அவள் நல்ல குடும்பத்துப் பெண். அவளுடைய தங்கை முறையானவள் ஒருத்தி வெஸ்தா கோயிலில் புனிதக் கன்னியாக இருந்தாள். டெரன்ஷியா கொண்டுவந்த சீதனம் ஒரு லட்சம் தெனாரி என்று புளூடார்க் எழுதுகிறார். அதாவது 4 லட்சம் செஸ்டர்ஸ். ரோமாபுரியில் ஒருவன் குதிரை வீரர் வகுப்பைச் சேர்ந்த கனவான் என்று மதிக்கப்பட வேண்டுமானால் அவனுக்கு இருக்க வேண்டிய ஆஸ்தியின் அளவே 4 லட்சம்தான். ஒரு கனவானின் முழு ஆஸ்தி கல்யாணப் பந்தலில் வந்து இறங்கிற்று என்று சொல்லலாம்.

இது தவிர அவள் பேரிலேயே சொத்து இருந்தது. ஒரு காடு. சில வீடுகள் அடங்கிய ஒரு கிராமம். குத்தகைக்கு எடுத்த அரசாங்க நிலம். கி.மு. 59இல் அந்தக் காட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த சிசரோ, டொடோனாவின் தெய்வ ஓக் மரம் ஒன்றுதான் அங்கே இல்லை, மற்றபடி எல்லாம் இருக்கிறது என்று நண்பர் அட்டிகஸுக்குக் குஷியாக எழுதினார். மனைவியின் காடு, குஷி கணவருக்கு. இல்லற இயல்பு! கணக்கு வழக்கெல்லாம் பிலோடிமஸ் என்ற காரியஸ்தர் பார்த்துக்கொண்டார். அவர் டெரன்ஷியாவின் ஆள். சிசரோவுக்கு வக்கீல் தொழில் தெரியும், அரசியல் தெரியும், தத்துவம் தெரியும். பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. கி.மு. 62இல் பாலடைன் குன்றில் 35 லட்சம் செஸ்டர்ஸுக்கு ஒரு மாளிகை வாங்கினார், பெரும்பகுதி கடன். மனைவி கொண்டுவந்ததைப் போல ஒன்பது மடங்குக்கு ஒரு வீடு!

வந்தது வினை. கி.மு. 58இல் அரசியல் விரோதி கிளோடியஸ் அவரை நாடு கடத்தினான். அந்த மாளிகையை இடித்தான். சிசரோ கிரேக்க நாட்டுக்கு ஓடினார். அவருடைய சொத்து பறிமுதல். பெண் டுல்லியாவும் ஏழு வயதுப் பையனும் டெரன்ஷியாவிடம். வெஸ்தா கோயிலில் இருந்த அவளைப் பலர் அறிய இழுத்துச் சென்று அவமானப்படுத்தினார்கள் என்று கேள்விப்பட்டு அழுது அழுது எழுதினார் சிசரோ. அந்த நாட்களில் குடும்பத்தை நடத்தியது எது? கணவனின் ஆஸ்தி போய்விட்டது. மிஞ்சியது, கல்யாணத்துக்கு முன்பே டெரன்ஷியாவுடையதாக இருந்த ஆஸ்தி. அதைப் பறிமுதல் செய்ய யாராலும் முடியவில்லை. அது சிசரோவினுடையது அல்ல அல்லவா!

அவள் தன் கிராமத்தை விற்றுவிடுவதாகக் கணவருக்கு எழுதினாள். அதற்கு அவர் எழுதிய பதில் நமக்குக் கிடைத்திருக்கிறது. வேண்டாம், விற்றுவிடாதே, நம் பையன் கதி என்ன ஆகும், நண்பர்கள் கைகொடுத்தால் பணத்துக்குக் குறைவிருக்காது, கொடுக்காவிட்டால் உன் பணம் மட்டும் எத்தனை நாளைக்குக் காணும் என்று கெஞ்சுகிறார். கல்நெஞ்சையும் கரைக்கும் கடிதம். தான் செய்ததற்கெல்லாம் அவள் தண்டனை அனுபவிக்கிறாளே என்று புலம்புகிறார். உலகத்துக் கடித இலக்கியத்திலே கணவன் மனைவிக்கு எழுதிய மிக அழகான கடிதங்களில் இவையும் சேரும்.

அடுத்த வருஷமே அவர் திரும்பி வந்துவிட்டார். இடித்த வீட்டுக்கு நஷ்டஈடாக அரசாங்கம் 20 லட்சம் கொடுத்தது. எல்லாம் பழையபடி நடந்தது. ஆனால் கடிதங்களில் பழைய தேன் இல்லை. பத்து வருஷங்களில் என்ன நடந்தது என்று ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்யலாம். எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை. கணக்கே போதுமானதாக இருக்கிறது.

கி.மு. 50இல் சிசரோ சிலிசியா நாட்டுக் கவர்னராகத் தொலைவில் இருந்தபோது, டெரன்ஷியாவும் டுல்லியாவும் சேர்ந்து டோலபெல்லா என்ற வாலிபனை மாப்பிள்ளையாகத் தேர்ந்தெடுத்தார்கள். டுல்லியாவுக்கு இது மூன்றாவது கல்யாணம். அழகன்; பெரிய இடம்; கடனாளி. சீதனத்தைத் தவணையாகக் கொடுக்கப் பேச்சு. பிறகு ஜூலியஸ் சீசருக்கும் பாம்ப்பிக்கும் யுத்தம் மூண்டது. சிசரோ பாம்ப்பி பக்கம் போனார், பாம்ப்பி தோற்றார். கி.மு. 48இன் இறுதியில் இத்தாலியின் தென்கோடியில் புருண்டிசியம் துறைமுகத்தில் வந்து இறங்கிய சிசரோ, சீசரின் மன்னிப்பை எதிர்பார்த்து ஏறத்தாழ ஒரு வருஷம் அங்கேயே முடங்கிக் கிடந்தார். மாப்பிள்ளை சீசரின் கட்சி. குடிகாரன், கடன்காரன், பெண்டாட்டியைக் கவனிப்பதில்லை. அவனுக்கு இரண்டாவது தவணையைக் கொடுத்தோமே, கண் குருடாகவல்லவா போயிருந்தது என்று அட்டிகஸிடம் நொந்துகொண்டார்.

டெரன்ஷியா மேல் சந்தேகம் வந்ததும் அப்போதுதான். அது எப்பேர்ப்பட்ட தொகை என்று நினைக்கிறீர்கள்? கி.மு. 47 ஆகஸ்டில் அவளிடமிருந்து 10,000 செஸ்டர்ஸ் வந்தது. மீதி இருந்தது இவ்வளவே என்று எழுதியிருந்தாள். 12,000 என்று அட்டிகஸ் சொல்லியிருந்தார். இரண்டாயிரம் குறைந்தது! இவ்வளவு சின்னத் தொகையில் இப்படிச் சுரண்டுகிறவள் பெரிய தொகையில் என்னதான் செய்திருக்க மாட்டாள் என்று எழுதிவிட்டார் சிசரோ. 35 லட்சத்துக்கு வீடு வாங்கியவர், நாடு கடத்தப்பட்ட காலத்தில் தன் கிராமத்தையே விற்க முன்வந்தவளைப் பற்றி இப்படி எழுதினார். இரண்டாயிரம் எங்கே போயிற்று? யுத்தகாலத்தில், கடனில் மூழ்கிய வீட்டில், ஆளுக்கு ஆள் பணம் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கும்போது இரண்டாயிரம் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். பிலோடிமஸ் திருடியிருக்கலாம், அவள் மேலும் அவருக்கு வேறு மனத்தாங்கல்கள் இருந்திருக்கலாம். அவளிடம் நேரில் கேட்டாரா என்பதுதான் என் கேள்வி. சந்தேகம் முழுவதும் அட்டிகஸின் கடிதத்தில் இருக்கிறது. அதே காலத்தில் டெரன்ஷியாவுக்குப் போன கடிதங்களில், 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

அந்த வரிசையில் கடைசிக் கடிதம் அக்டோபர் முதல் தேதி, வெனூசியா என்ற ஊரிலிருந்து எழுதியது. சீசர் மன்னித்துவிட்டார்; சிசரோ வீடு திரும்புகிறார். சில வரிகள்தான். கூட ஆட்கள் வருவார்கள், எல்லாம் தயாராக இருக்கட்டும், குளியலறையில் தொட்டி இல்லாவிட்டால் வைக்கச் சொல். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் கடைசி வார்த்தை குளியல் தொட்டி!

மறு வருஷம், கி.மு. 46இல், அவளை விலக்கினார்.

அவர் சொன்ன காரணங்களைப் புளூடார்க் வரிசைப்படுத்தியிருக்கிறார். யுத்தத்தின்போது தம்மைக் கவனிக்கவில்லை. வழிச்செலவுக்குக்கூட ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினாள். புருண்டிசியத்தில் அத்தனை நாள் கிடந்தும் வந்து பார்க்கவில்லை. மகள் அங்கே புறப்பட்டபோது தக்க துணையும் செலவுக்குப் பணமும் கொடுக்கவில்லை. வீட்டைக் காலி செய்து கடனில் மூழ்கடித்தாள். கேட்பதற்குப் பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது குற்றச்சாட்டைப் பாருங்கள். கி.மு. 48 நவம்பரில் சிசரோ புருண்டிசியத்திலிருந்து டெரன்ஷியாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவள் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள் போலும். இப்போது புறப்பட வேண்டாம், வழி நெடியது, பத்திரமும் இல்லை, வந்துதான் நீ என்ன செய்துவிடப் போகிறாய் என்று பதில் எழுதுகிறார். வராதே என்று எழுதியவரும் அவரே. வரவில்லை என்று குற்றம் சாட்டியவரும் அவரே!

பெரிய மனிதரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. மனம் கசந்தவன் தான் எழுதியதை மறந்துபோவது சகஜம். ஆனால் ரோமச் சட்டத்தில் இந்தப் பட்டியலுக்கு விலை இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. குற்றம் மனைவி மேல் என்று ஸ்தாபிதமானால், டுல்லியாவுக்கும் பையனுக்குமாக இரண்டு பங்கு நிறுத்திக்கொள்ளலாம். பிற்கால நூல் சொல்லும் அளவை வைத்துப் பார்த்தால் 4 லட்சத்தில் மூன்றில் ஒன்று, அதாவது 1,33,000 செஸ்டர்ஸுக்குச் சற்று மேல். குற்றம் கணவன் மேல் என்றால் காலணாக்கூட நிறுத்த முடியாது. பட்டியல் தயாரிக்கும்போது இந்தக் கணக்கு அவர் மனத்தில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் வக்கீல் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த வருஷ இறுதியில் அவர் மறுமணம் செய்துகொண்டார். தமக்கு வயது அறுபது. பெண் பப்ளீலியா சிறு பெண், பணக்காரி. அவளுடைய ஆஸ்திக்குச் சிசரோவே பொறுப்பாளராக இருந்தார். அழகில் மயங்கிவிட்டார் என்று டெரன்ஷியா சொன்னாள். அதெல்லாம் இல்லை, கடனை அடைப்பதற்காகத்தான் என்று அவருடைய அந்தரங்கக் காரியதரிசி டைரோ எழுதி வைத்தார். எசமானரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு டைரோ இதைச் சொல்லியிருக்கிறார். எது அதிகக் கௌரவம் என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். வாழ்த்துக் கூறிய ஒரு நண்பருக்குச் சிசரோ எழுதிய பதிலில், பழைய உறவின் துரோகத்துக்குப் பாதுகாப்பாகப் புதிய உறவைத் தேடிக்கொண்டேன் என்றார். முதல் மனைவியின் சீதனத்தைத் திருப்ப வேண்டிய நேரத்தில் இரண்டாம் மனைவியின் சீதனம் வீட்டுக்கு வந்தது என்பது மட்டும் நமக்குத் தெரிந்த சங்கதி.

அதே சமயத்தில் டுல்லியாவும் டோலபெல்லாவைப் பிரிந்தாள். இப்போது அவன் சிசரோவுக்குச் சீதனத்தைத் திருப்பித் தர வேண்டும். கி.மு. 45 பிப்ரவரியில், பிள்ளை பெற்ற சில வாரங்களில், டுல்லியா கண்ணை மூடினாள்.

சிசரோவுக்கு உலகமே இருண்டுவிட்டது. அவர் உண்மையாக நேசித்த ஜீவன் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பெண்தான். கடலோர வீடொன்றில் போய் ஒளிந்துகொண்டு காட்டில் அலைந்தார். கிரேக்க நாட்டிலிருந்து ஒரு துக்கக் கடிதம் வந்தது. எழுதியவர் செர்வியஸ் சுல்பீஷியஸ். ஆமாம், சீதன நூல் எழுதிய அதே சட்ட மேதை. பாழடைந்த கிரேக்க நகரங்களைக் கப்பலிலிருந்து பார்த்ததைச் சொல்லி, நகரங்களே அழியும்போது ஒரு சிறு உயிருக்காக இப்படிக் கலங்கலாமா என்று தேற்றியிருந்தார். சட்டப் புத்தகம் எழுதுகிற கைக்கு இப்படியும் எழுத வரும் என்பது எனக்கு ஆறுதலான விஷயம். டெரன்ஷியாவும் அந்தப் பெண்ணைப் பெற்றவள்தான். அவளுக்கு யார் கடிதம் எழுதினார்களோ!

மகள் இறந்ததில் பப்ளீலியாவுக்கு மகிழ்ச்சி என்று சிசரோவுக்குத் தோன்றிவிட்டது. அவள் தாயோடும் உறவினரோடும் வந்து பார்க்க விரும்புவதாக எழுதினாள். அவர்கள் வருவதற்குள் தப்பி ஓட வேண்டும், எத்தனை நாள் இங்கே இருக்கலாம் என்று விசாரித்து எழுதுங்கள் என்று அட்டிகஸைக் கேட்டார் சிசரோ. சில மாதங்களில் அந்த மணமும் முறிந்தது. 'உன் பொருள் உன்னிடம் இருக்கட்டும்.' கடனை அடைக்க வந்த சீதனமே இப்போது கடனாக நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்கைப் பார்க்கலாம். டோலபெல்லா சிசரோவுக்குத் தர வேண்டும். சிசரோ டெரன்ஷியாவுக்குத் தர வேண்டும். பப்ளீலியாவுக்கும் தர வேண்டும். மூன்று பெண்களின் பொருள், மூன்றும் ஆண்கள் கையில். ஒரு பெண் செத்தும் போய்விட்டாள். நடுவில் அட்டிகஸ் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார். இதற்கிடையில் டெரன்ஷியா, பேரக் குழந்தைக்கும் மகனுக்கும் சிசரோ தம் உயிலில் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டனுப்பினாள். சிசரோவுக்குக் கோபம். முன்பு அவளுடைய உயிலைப் பற்றி இதே கேள்வியை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கி.மு. 44 ஜூலையில் ஒரு சம்பவம். சீசர் கொலையுண்டு நாலு மாதம் ஆகியிருந்தது. சிசரோ இத்தாலியின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே கப்பலில் போனார். டிரெபேஷியஸ் என்ற இளம் வக்கீல் நண்பர், வாதங்களைக் கண்டுபிடிக்கும் முறை பற்றி விளக்கம் கேட்டிருந்தார். கையில் புத்தகம் ஒன்றும் இல்லை. கப்பலில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்தே ஒரு சிறு நூலை எழுதி முடித்துவிட்டார். 'டாப்பிகா' என்று பெயர். அதில் காரணத்திலிருந்து வாதம் செய்வது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. அவருடைய பேனாவுக்கு வந்த உதாரணம் இது: மணமுறிவு கணவனுடைய குற்றத்தால் நேர்ந்ததென்றால், விலகுவதாகச் சொல்லியனுப்பியவள் மனைவியே ஆனாலும், பிள்ளைகளுக்காக என்று சீதனத்தில் ஒன்றையும் நிறுத்தலாகாது.

உலகத்தில் உதாரணங்களுக்கா பஞ்சம்? வாய்க்கால் தகராறு இருக்கிறது, வேலித் தகராறு இருக்கிறது. அந்த நூலில் அவற்றைப் போன்றவை ஏராளமாக வருகின்றன. அலைகளுக்கு நடுவே, அறுபத்திரண்டு வயதில், மகளைப் பறிகொடுத்து, டெரன்ஷியாவின் பாக்கி தலைமேல் நிற்கும்போது இந்த ஒன்றும் வந்து விழுந்தது. சட்டம் தெரிந்தவருக்கு இது சர்வ சாதாரணமான உதாரணம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் கதை எழுதுகிறவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அட்டிகஸுக்கு எழுதிய ஒரு நீண்ட கடிதம் முழுவதும் பண விஷயம். டோலபெல்லா ஏமாற்றிவிட்டான் என்று ஆத்திரம். கடன்களை எப்படியாவது தீர்த்து மானத்தைக் காப்பாற்றுங்கள் என்று வேண்டுகோள். டெரன்ஷியாவைப் பற்றியும் ஒரு வரி வருகிறது: அவளுக்குச் சேர வேண்டியதை, முடியுமானால் கெடு நாளுக்கு முன்பாகவே கொடுத்துவிடுங்கள். அப்படி எழுதியபோது அவருக்கு என்ன இருந்ததோ. பழைய மனைவியிடம் கடன்பட்டிருக்கும் கூச்சமோ, ஊர்ப்பேச்சுக்குப் பயமோ, இல்லை கிராமத்தை விற்கட்டுமா என்று ஒருத்தி கேட்ட ஞாபகமோ.

மறு வருஷம், கி.மு. 43 டிசம்பர் 7இல், ஆண்டனியின் ஆட்கள் அவரைப் பிடித்துத் தலையையும் கையையும் வெட்டிக்கொண்டு போனார்கள். பறிமுதல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, ஆஸ்தியெல்லாம் போயிற்று. டோலபெல்லா அதே வருஷம் சிரியா நாட்டில் முற்றுகைக்குள் சிக்கித் தற்கொலை செய்துகொண்டான்.

டெரன்ஷியா இருந்தாள். நூற்று மூன்று வயது வரை இருந்தாள் என்று பிளினி எழுதுகிறார். பிற்காலத்தில் அவள் சல்லஸ்து என்ற சரித்திராசிரியரை மணந்தாள், அப்புறம் இன்னொருவரை மணந்தாள் என்றெல்லாம் கதை கட்டினார்கள்; நம்ப வேண்டிய அவசியமில்லை. குடியரசு போய்ச் சாம்ராஜ்யம் வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். மனைவியின் சீதன நிலத்தை அவள் சம்மதமின்றிக் கணவன் விற்கக் கூடாது என்று கி.மு. 18இல் அகஸ்டஸ் சட்டம் போட்டபோது அவளுக்கு வயது எண்பதை எட்டியிருக்கும். அதைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டு எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

சிசரோ அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களைக் கவி பெட்ரார்க் 1345இல் வெரோனா நகரத்தில் கண்டெடுத்தார். சுருக்குப் பையின் முடிச்சையெல்லாம் அவிழ்த்துக் காட்டுகிற கடிதங்கள் அவை. தாம் தெய்வமாக எண்ணியிருந்தவர் இப்படிப்பட்ட மனிதரா என்று பெட்ரார்க் மனம் உடைந்துபோனார். டெரன்ஷியாவுக்கும் வீட்டாருக்கும் சிசரோ எழுதியவை தனியாக 24 கிடைத்திருக்கின்றன. அவளிடமிருந்து அவருக்குப் போனவற்றில் ஒன்றுகூட இல்லை. கிராமத்தை விற்கட்டுமா என்று அவள் கேட்டதும், புருண்டிசியத்துக்கு வரட்டுமா என்று கேட்டதும், மீதி பத்தாயிரம்தான் என்று கணக்குச் சொன்னதும் அவருடைய பதில்களிலிருந்து நாம் ஊகித்துக்கொண்டவை.

அந்த 24 கடிதங்களும் எப்படித் தப்பின என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. அனுப்புமுன் டைரோ பிரதி எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் நாடு கடத்தப்பட்ட நாட்களில் கண்ணீரோடு எழுதியனுப்பிய கடிதங்களுக்கு யார் உட்கார்ந்து பிரதி எடுத்திருப்பார்கள்? அவை அவள் பேருக்கு வந்தவை. விவாகரத்தின்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவள், பெட்டியில் அவற்றையும் எடுத்துப் போயிருக்க வேண்டும். பல வருஷங்களுக்குப் பிறகு யாரோ கேட்டு வந்தபோது எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கிராமத்தை விற்காதே என்ற கடிதமும் அதில் இருந்தது. வராதே என்ற கடிதமும் இருந்தது. குளியல் தொட்டியும் இருந்தது. ஒன்றையும் அவள் எடுத்து ஒளிக்கவில்லை.